நாற்பத்தோராம் படி

வல்பரைசோவில் என் சன்னலுக்கு வெளியே
தெரு என்று எதுவும் இல்லை. படிக்கட்டுதான்.
துறைமுகத்திலிருந்து குன்றின் உச்சிவரை
நூற்று அறுபத்திரண்டு படிகள்.
என் வாசல் நாற்பத்தொன்றில்.

மார்ச்சில் மலையேற்றி பழுதாகிவிட்டது.
பல்சக்கரம் வர வேண்டுமாம், எங்கிருந்தோ.
மேலே குடியிருப்பவர்கள் வாடகைக் காருக்கு
வரிசையில் நின்றார்கள்.
ஊதாக் கம்பளிச்சட்டைக்காரி ஒருத்தி மட்டும்
ஒன்பது படி ஏறினாள்.
நின்றாள். முழங்காலிடம் ஏதோ கேட்டாள்.
இறங்கிப்போய் வரிசையில் சேர்ந்துகொண்டாள்.

மறுநாள் பத்து.

நான் சன்னலில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன்
அன்றைய எட்டாவது சிகரெட்டோடு.

மருத்துவர் எனக்குச் சொன்னது வேறு கணக்கு:
"அடியோடு விட்டுவிடுங்கள், நிபால்தோ."
அடியோடு நான்குமுறை விட்டிருக்கிறேன்.
ஒரு புத்தாண்டில், கடல்மேல் வாணவேடிக்கை அடங்குமுன்பே
தீப்பெட்டியைத் தேடினேன்.
இன்னொருமுறை முழுப் பெட்டியையும் அலையில் வீசிவிட்டு
இருட்டில் கடைக்கு ஓடினேன், செருப்பில்லாமல்.
பெரிய சபதங்கள் என் வீட்டுக்கு வந்தால்
உட்கார நாற்காலி கிடையாது.

ஆகவே சின்னதாக ஒன்று.
மாலைச் சிகரெட்டை அவள் காலடியில் முடிந்துவைத்தேன்:
ஐந்து மணிக்கு மேல்,
அவள் வந்து ஏறித் திரும்பும்வரை
பற்றவைப்பதில்லை.
ஆறேமுக்காலோ ஏழேகாலோ, அது அவள் பாடு.
அவளுக்கு இது தெரியாது.

இருபத்தெட்டாம் படியில்
யாரோ நீலத்தில் வரைந்த திமிங்கிலம்.
அதன் கண்ணை மிதிக்காமல் நின்றாள்.
முப்பத்துமூன்றில் பழுப்பு நாய்,
யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லாருக்கும் சொந்தம்.
அதைத் தாண்ட மூன்று நாள் ஆயிற்று.
முதல் நாள் இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.
இரண்டாம் நாள் பையிலிருந்த ரொட்டியில் பாதி.
மூன்றாம் நாள் நாய் நகர்ந்தது,
மரியாதைக்காக இல்லை, மீதிப் பாதிக்காக.

நாற்பத்தொன்று அன்று என் வாசலில் நின்றாள்.
மூச்சு துருத்திபோல் அடித்தது.
"தண்ணீர்?" என்றேன்.
"நாளைக்கு. இன்றைய கணக்கில் அது இல்லை."

மறுநாள் தண்ணீர் குடித்தாள்.
அதற்கு அடுத்த நாள் தாண்டிப் போய்விட்டாள்.
அதன்பிறகு எனக்குப் போகும்போது முதுகு,
வரும்போது முகம்.

ஜூன் மழையில் அவள் வரவில்லை.

ஏழுவரை காத்திருந்தேன். எட்டுவரை.
விதி விதிதானே;
ஆள் வரவில்லை, அனுமதியும் வரவில்லை.
பத்து மணிக்கு, வேறு வழி தெரியாமல்,
பல் துலக்கிவிட்டுப் படுத்தேன்.
மறுநாளும் அப்படியே.
மூன்றாம் நாள் தீப்பெட்டியைக் காதருகே வைத்துக்
குலுக்கிக் குலுக்கிக் கேட்டேன்.
ஐந்தாம் நாள் தோற்றேன்:
இரண்டு, அடுத்தடுத்து,
சன்னலைச் சாத்திக்கொண்டு,
அவள் பார்த்துவிடுவாளோ என்று.
ஆறாம் நாள்
ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி காத்திருந்தேன்.
இதில் எனக்கே ஆச்சரியம்.
முன்பெல்லாம் ஒரு தோல்வி போதும்,
மூட்டை கட்டிவிடுவேன்.

பதினோராம் நாள் வந்தாள், மெலிந்து.
அறுபத்தாறைத் தொட்டிருந்தவள்
நாய் அருகிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
தண்ணீரை நான்தான் எட்டுப் படி இறங்கிக் கொண்டுபோனேன்.
(திரும்பி ஏறுகையில் என் மூச்சும் துருத்திதான்.
அதைப் பிறகு யோசிக்கலாம்.)

"காய்ச்சல்," என்றாள்.
"மலையேற்றி சரியாகிவிட்டது, தெரியுமா?
போன திங்களிலிருந்து ஓடுகிறது."
தெரியாது. என் காது வேறொரு காலடிக்குக் கொடுத்திருந்தது.
"அப்படியானால் நீங்கள்..."
"ஏறிப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் வீடு.
எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை."

எழுந்தாள். முப்பத்துநான்கு.
போதும் என்று திரும்பினாள்.

அன்றிரவு ஒன்று பிடித்தேன், சன்னலைத் திறந்துவைத்தே.
பதினான்கில் இருந்தவன் ஐந்தில் நிற்கிறேன்;
மருத்துவரிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்.
மேலே நூற்று அறுபத்திரண்டாவது படியில்
ஒரு விளக்கு எரிகிறது. அவள் வீடாக இருக்கலாம்.
பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

நாளைக்கு.